இலக்கம் நான்கு, பீலிக்கரை வீதி

கம்பனிக்காரன் நல்லவனா, அரசாங்கம் நல்லதா என்று இப்போது எங்கே போனாலும் விவாதம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டே போன் கம்பனியைத் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் யாராவது என்னிடம் தீர்ப்புக் கேட்டால், "உங்கள் வீட்டுக்கு இலக்கம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பேன். "இதென்ன கேள்வி, இல்லாமலா?" என்பார்கள். அப்படியானால் கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லி இந்தக் கதையை ஆரம்பிப்பேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவே இருந்த 'கொமியுனிகேஷன்' ஒன்றில் நான் வேலை பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் டெலிபோன் இல்லாதவர்கள் வந்து வெளிநாட்டுக்குப் பேசுகிற கடை அது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்துக் கிடப்பதும் அங்கேதான். மூன்று கண்ணாடிக் கூண்டுகள், ஒரு ஃபெக்ஸ் மெஷின், ஒரு போட்டோகொப்பி மெஷின், சுவரோரமாக எட்டுக் கதிரைகள், இவை எல்லாவற்றுக்கும் அதிகாரியாக நான். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடை போன பிறகு நான்தான் வீட்டுக்குச் சம்பாதித்தேன் என்பதால் அந்தக் கதிரையில் நான் கொஞ்சம் மிதப்பாகவே உட்கார்ந்திருப்பேன்.

முதலாளி முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நானா' என்பேன், அவர் என்னைப் 'புள்ள' என்பார். கம்பியில்லா டெலிபோன் என்ற ஒன்று புதிதாக வந்தபோது, அந்தக் கம்பனிக்கு அவர் ஏஜென்ட் ஆனார். கூரையில் ஒரு சின்ன அன்டெனா, மேசையில் ஒரு டெலிபோன், நடுவே தெருவெல்லாம் கம்பி இழுக்கத் தேவையில்லை. அரசாங்கத்து டெலிபோனுக்கு வருடக்கணக்கில் காத்திருந்த கண்டி ஆட்களுக்கு அது பெரிய அதிசயம். எனக்கு அந்தக் கம்பனி மேல் ஒரே காதல். யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

சண்டை பிடிக்க ஆள் தேடிப் போக வேண்டியதும் இல்லை. காலை பத்து மணிக்கு, குண்டசாலை பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்குவார். யாழ்ப்பாணத்தவர், டெலிபோன் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் கழுத்துப் பட்டி மட்டும் ஓய்வு பெறவில்லை. எங்கள் கடைப் பேப்பரை ஓசியில் வாசித்துவிட்டு, மடித்து வைத்து, என்னோடு மல்லுக்கட்டுவார்.

"பிள்ளை, இந்தக் கம்பனியள் லாபம் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். அரசாங்கம் எண்டால் எல்லாருக்கும் சமன்."

"ஓமோம் ஐயா, சமன்தான். எங்கப்பா விண்ணப்பம் போட்டப்ப நான் பாலர் வகுப்பு. டெலிபோன் வந்தப்ப நான் தாவணி போட்டாச்சு."

"எல்லாரும்தானே காத்திருந்தவை? அது சமன் இல்லையோ?"

"அமைச்சரோட மச்சானும் காத்திருந்தாரா ஐயா?"

அதற்கு அவர் இருமுவார். அந்த இருமலோடு அன்றைய விவாதம் முடிந்து, நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

எங்கள் இருவருக்கும் இதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பெரிய கலவரத்தில் அப்பாவின் கடையை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு நாள் அறைக்குள் வைத்திருந்து, பிறகு அகதிகளாக ஒரு பாடசாலையில் கொண்டுபோய் விட்டது. மூன்றாவது வாரம், அந்தப் பாடசாலைக்கே எங்களைத் தேடித் தபால்காரர் வந்தார். கையில் கடை விலாசத்துக்கு வந்த அரசாங்கக் கடிதம். 'தங்களுக்கு வழங்கப்பட்ட தொலைபேசிக் கருவி அரச சொத்தாகையால், இணைப்புத் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து அதனைத் தாமதமின்றி ஒப்படைக்கவும்.' அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கலவரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சாம்பலைக் கிளறி, உருகிப்போன கறுப்புக் கட்டியை எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு டெலிபோன் கந்தோரில் கொடுத்துப் பற்றுச்சீட்டும் வாங்கி வந்தார்.

பல வருடம் கழித்து அலுமாரியில் அந்தப் பற்றுச்சீட்டு அகப்பட்டது. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. மறுநாள் ஐயாவின் முன்னால் கொண்டுபோய் விரித்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "என்ர கையெழுத்துத்தான். நானும் அப்ப முகாமில இருந்துதான் கந்தோருக்குப் போய் வந்தனான், பிள்ளை. உடுப்பும் ஒண்டுதான்."

"அப்படியிருந்தும் எரிஞ்ச டெலிபோனைக் கேட்டு வாங்க மனசு வந்துச்சா?"

"விதி அப்பிடித்தானே?" என்றவர் மறுபடி வாசித்தார். "'கருவி ஒன்று, பாவனைக்கு உதவாத நிலையில்.' பிழை ஒண்டும் இல்லையே."

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிக் கோபித்துக்கொண்டிருப்பது? அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன்.

இனி எங்கள் கடை வெள்ளிக்கிழமைக்காரர். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளி, முப்பது வயதிருக்கும். அவர் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். காம்பரா என்கிற ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய தோட்டத்து லயத்தை விட்டு வெளியே, வத்தேகமப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும், அதுதான் அவர்கள் திட்டம். அந்த வீட்டு அம்மா நல்லவள். வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குப் போகும் நேரத்தில் பத்து நிமிடம் பேச விடுவாள். அதனால் ஒவ்வொரு வெள்ளியும் இவர் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். வேலை நாள் என்பதால் அன்றைய பேர் போய்விடும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை ஒரு 'பேர்' என்பார்கள், வந்தால் பேர், வராவிட்டால் இல்லை.

பேர் போனது பெரிய விஷயம் இல்லை. அந்தக் குட்டிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, கடைக்கு வந்து சேரும்போது துவண்டுவிடுவாள். டெலிபோன் அடிக்கும் நேரம் கதிரையில் நல்ல நித்திரை. எழுப்பினாலும் வாயைத் திறக்க மாட்டாள். "வீட்ல இவ வாய மூட முடியாது அக்கா. இங்க வந்தா ஊமையாயிர்றா" என்று அவர் தலையிலடித்துக்கொள்வார். அங்கே தாயோ வாரா வாரம் பிள்ளையின் குரலுக்குக் காத்திருந்து ஏமாந்துகொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பாவமாகப் பார்த்தார். குழந்தை நித்திரை. பக்கத்து மருந்துக் கடைக்காரரின் மகளும் அதே வயதுதான், வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்துக் கூண்டுக்குள் தள்ளி, "அம்மா, சாப்பிட்டீங்களான்னு கேளு" என்றேன். அவளும் கிளி மாதிரிக் கேட்டாள்.

ரிசீவரில் எழுந்த அலறல் கூண்டுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "அது யாரு புள்ள? எம்புள்ள எங்க? கண்டியில குண்டு வெடிச்சிச்சின்னு இங்க சொன்னாங்க. எம்புள்ளைக்கு என்னாச்சு, எல்லாரும் சேந்து எதை மறைக்கிறீங்க?"

அவர் என்ன சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. போட்டோ அனுப்புகிறேன் என்றால், பழைய போட்டோ என்றாள். கடைசியில், "நாலு வெள்ளிக்கெழம பாப்பேன். எம்புள்ள அதோட வாயால பேசணும். இல்லாட்டி எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவேன்" என்று வைத்துவிட்டாள். ஒப்பந்தம் முடியாமல் வந்தால் காணியும் இல்லை, அவள் போக வாங்கிய கடனும் தலையில் விழும். அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நித்திரையிலிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. நல்லது செய்யப்போய் ஒரு தாயின் வயிற்றில் நெருப்பை வைத்துவிட்டேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. வாயாடும் வீட்டுக்கே டெலிபோன் போக வேண்டும். எங்கள் கம்பனியின் கோபுரம் தோட்டத்துக்கு எதிர் மலையில் எழும்பியிருந்தது, கூரையில் அன்டெனா வைத்தால் கிடைக்கும். டெலிபோன் வாங்கவென்றே மனைவி முன்பே அனுப்பிய பணமும் தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்தில் கிடந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், அடையாள அட்டை, விலாசம்: மேல் டிவிஷன், பத்துக் காம்பரா லயம், தோட்டத்தின் பெயர், பன்வில.

ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது. 'விலாசம் பூரணமற்றது.'

கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். "வீட்டு இலக்கம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது" என்றாள் அங்கிருந்த பெண். "வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார், கூரை இருக்கிறது, வேறென்ன வேண்டும் உங்கள் கம்ப்யூட்டருக்கு?" என்று கத்தினேன். கம்ப்யூட்டருக்கு இலக்கம்தான் வேண்டுமாம். அதோடு கிராம சேவகர் உறுதிப்படுத்திய கடிதமும் வேண்டும், அது அரசாங்கச் சட்டம்.

கிராம சேவகரிடம் போனால், தோட்டத்து லயம் என் பதிவில் இல்லை, தோட்டக் கந்தோரில் கேள் என்றார். தோட்டக் கந்தோரில் கேட்டால், லயம் தோட்டக் கம்பனியின் சொத்து, அதில் ஒருவருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்பீர்கள் என்றார்கள். மூன்று பேரும் அவரவர் புத்தகப்படி சரியாகத்தான் பேசினார்கள். அந்த மனிதர் மட்டும் மூன்று பேருக்கும் நடுவே பந்து மாதிரி உருண்டார். எங்கள் கடை எரிந்து சாம்பலான பிறகும் அதன் விலாசத்துக்கு அரசாங்கக் கடிதம் வந்து சேர்ந்தது. இவர் பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் வீட்டுக்குக் கடிதம் போட ஒரு விலாசம் இல்லை. இதை நினைத்தபோது என் அருமைக் கம்பனி மேலும் எனக்கு முதல் தடவையாக எரிச்சல் வந்தது.

"நான் சொன்னன்தானே" என்று ஐயா ஆரம்பித்தார்.

"உங்க திணைக்களம் மட்டும் குடுத்துக் கிழிச்சிருக்குமா?" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் இருமினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக்காரர் வந்தபோது ரகசியமாகச் சொன்னேன்: "அண்ணே, ஒங்க கதவுல ஒரு நம்பரை எழுதி விட்டுருங்க. அந்த நம்பரை ஃபோர்ம்ல போட்டுர்றேன். யாரு வந்து பாக்கப் போறா?"

அவர் தயங்கினார். "என்னா நம்பர் அக்கா?"

"என்னமோ ஒன்னு."

அவர் 'ஒன்று' என்றே எழுதிவிட்டார். கம்ப்யூட்டர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டை நேரில் பார்த்து உறுதி செய்யக் கம்பனியின் இரண்டு பையன்கள் வேனில் போவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அவர்கள் மாலையில் திரும்பி வந்து கதிரையில் விழுந்து சிரித்த சிரிப்பில் நானா உள்ளேயிருந்து ஓடி வந்தார். ஒரு கதவில் இலக்கம் எழுதினால் மற்ற ஒன்பது கதவும் சும்மா இருக்குமா? இலக்கம் எழுதினால் டெலிபோன் வருகிறதாம் என்று லயம் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்குச் சுண்ணாம்பும் கரியும் எடுத்து எழுதியிருக்கிறார்கள். 'ஒன்று' மட்டும் மூன்று வீட்டுக்கு. இரண்டு என்று போட ஒருவருக்கும் மனமில்லை, அது ஒன்றுக்குக் குறைச்சல் அல்லவா? ஒரு பக்தர் நூற்றெட்டு. ஒருவர் கண்டி பஸ்ஸின் இலக்கம். இரண்டு பேர் தங்கள் செக்றோல் இலக்கம், அதாவது தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு எதிரே இருக்கும் இலக்கம். "பொறந்ததுலேருந்து தொர எங்கள இந்த நம்பர்லதான் கூப்புடுறாரு, வேற நம்பர் எங்களுக்கு ஏது?" என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் வெறும் நட்சத்திரம். வேன் நின்றதும் பத்து வீட்டுக்காரர்களும், "இங்கதான், இங்கதான்" என்று இழுத்திருக்கிறார்கள்.

பையன்கள் சிரித்தாலும் அறிக்கையில் எழுத வேண்டியதை எழுதிவிட்டார்கள். 'விலாசம் உறுதிப்படுத்த முடியவில்லை.' நாலு வெள்ளிக்கிழமையில் இரண்டு போய்விட்டது.

நானா பெருமூச்சு விட்டார். "போதும் புள்ள. நீங்க எழுதச் சொன்னீங்க, ஊரே எழுதிட்டுது."

ஐயா அதுவரை சிரித்துச் சிரித்துக் கழுத்துப் பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் கடுமையாகிவிட்டது. "இலக்கமிடுறது விளையாட்டில்லை, பிள்ளை. அதுக்கு ஒரு முறை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வாறன், நீரும் வாரும். பெயின்ற் மட்டும் வாங்கி வையும்."

ஞாயிறு காலை பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கழுத்துப் பட்டி, பளபளவென்று சப்பாத்து, கக்கத்தில் நீளமான கொப்பி, கையில் பழைய எக்ஸ்ரே படங்களை வெட்டிச் செய்த இலக்க அச்சுகள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பெயின்ற் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். யாரோ ஒருவரின் விலா எலும்பு, நடுவே '8' வடிவத்தில் ஓட்டை. ஐயா சிங்களத்தில், "வீடுகளுக்கு இலக்கமிடப் போகிறேன்" என்றார். அவன் உடனே விறைத்து நின்று வழி விட்டான்.

லயத்தில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. "ஆரும் விரும்பின இலக்கம் எடுக்கேலாது. வீதி தொடங்குற இடத்தில ஒண்டு தொடங்கும்" என்றார் ஐயா. "வீதியா? இது பாதைங்க" என்றார்கள். "பாதைக்குப் பேர்?" பேர் இல்லை. ஆண்கள் சினிமாக்காரர்களின் பெயரில் ஆரம்பித்து அடிதடிக்கு வந்துவிட்டார்கள். கடைசியில், தலையில் குடத்தோடு நின்ற ஒரு பெண், "இந்தப் பாத பீலிக்குத்தானே போகுது. நாங்கதான் நாளைக்கு நாலு தடவ நடக்குறோம்" என்றாள். மலையிலிருந்து தண்ணீர் விழும் அந்தப் பீலியின் பெயரையே வைத்தார்கள். பீலிக்கரை வீதி. ஐயா அதைக் கொப்பியில் மூன்று மொழியிலும் எழுதிக் கோடு கிழித்தார்.

முன்பு 'ஒன்று' போட்டிருந்தவர்களில் ஒருவர், நம்மவரின் பக்கத்து வீட்டுக்காரர், இலக்கம் ஐந்து என்று ஆனதும் ஆடிப்போனார். "ஐயா, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டுமே" என்று எவ்வளவோ கெஞ்சினார். "ஏலாது" என்றார் ஐயா. நம்மவருக்கு நான்கு. குட்டி மகள் அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பெயின்ற் டின்னைச் சுற்றிச் சுற்றியே வந்தாள். அவள் வாயா வாய்! எனக்குக் காதடைத்துவிட்டது.

எட்டாம் கதவில் நிற்கும்போது, தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு அடுத்தவரான சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "யார் நீங்கள்? யாரைக் கேட்டு எழுதுகிறீர்கள்?" நான் பெயின்ற் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

ஐயா நிதானமாகக் கொப்பியில் புதுப் பக்கத்தைப் புரட்டிப் பேனையைத் திறந்தார். "வணக்கம். உங்கட பங்களாவின்ர இலக்கம் என்ன?"

"பங்களாவுக்கு... இலக்கம் இல்லை."

"இல்லையோ?" ஐயா கண்ணாடிக்கு மேலால் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அதையும் குறிச்சுக்கொள்ள வேண்டியிருக்கு."

சின்னத்துரை முகம் வெளிறிவிட்டது. எந்தத் திணைக்களம், என்ன சட்டம் என்று கேட்கவும் பயம். பெரியதுரையிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. அரசாங்க வேலையாக இருந்தால் வில்லங்கம் என்று ஒருவரும் அந்த இலக்கங்களை அழிக்கவும் துணியவில்லை. ஐயா ஒரு சொல் பொய் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அதையே ஏழு தடவை சொல்லிக்கொண்டு வந்தார்.

கிராம சேவகர் அந்தக் கொப்பியின் பிரதியைப் பார்த்ததும், தான் செய்ய வேண்டிய வேலையை யாரோ அழகாகச் செய்து கொடுத்த சந்தோஷத்தில் சீல் குத்திவிட்டார். கம்ப்யூட்டர் ஏற்றது. கடைசி வெள்ளிக்கு முதல் நாள் பையன்கள் போய் அன்டெனா பூட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் ஐயாவும் பன்வில பஸ்ஸில் ஏறினோம். "போங்க புள்ள. கடைக்கு வாற கோலுக்கு நான் புது நம்பரச் சொல்றன்" என்று நானாவே அனுப்பி வைத்தார். நாங்கள் போனபோது அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் லயமே நின்றது. ஐயா மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டார். குட்டியோ இவ்வளவு கூட்டத்தைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

டெலிபோன் அடித்தது. நம்மவர் எடுத்தார். ரிசீவரிலிருந்து வந்த முதல் வார்த்தை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "புள்ளயக் குடுங்க."

இழுத்து வந்து காதில் வைத்தோம். உதட்டை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினோம், மிட்டாய் காட்டினோம். அசையவில்லை. "தெரியும். எனக்குத் தெரியும்" என்று தாய் விம்ம ஆரம்பித்தாள். ஏற்கனவே கடைக்கு எடுத்ததில் பாதி நேரம் போய்விட்டது. எல்லாம் என்னால் வந்த வினை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ரிசீவரைப் பிடுங்கி, குவைத்துக்கு நேரே கேட்கட்டும் என்பது போலக் கத்தினார்: "தங்கச்சி! அழாதம்மா! நான் ஒன்னாம் நம்பர் வீட்டுலேருந்து பேசுறேன்..."

"பொய்!"

கதவோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். "பொய்! நீங்க ஒன்னு இல்ல, அஞ்சு! நாங்கதான் நாலு! ஐயா எழுதுனாரு, நான் பாத்தேன்! ஒன்னு மூக்காயி பெரியம்மா வீடு! நூத்தெட்டு தாத்தா இப்ப ஏழு! ஒங்களுக்கு நம்பரே தெரியாது!" மூச்சு விடாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பத்து வீட்டுக்காரரையும் இலக்கத்தோடு பிடித்து உலுப்பினாள். பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாக ரிசீவரை அவள் வாய்க்கு நேரே தாழ்த்திப் பிடித்தார்.

அங்கே விம்மல் நின்றது. பிறகு ஒரு சிரிப்பு, அழுகையோடு கலந்து. "ஐயோ, இது எம்புள்ளதான்! அப்புடியே அவ அப்பனப் பெத்தவ வாயி! சாமி, எம்புள்ளதான்!"

லயமே சிரித்தது. நான் மட்டும் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

"என்னாடி தங்கம் நாலு? எது நாலு?" என்று தாய் கேட்டாள்.

"நம்ம வீடும்மா. எலக்கம் நாலு, பீலிக்கரை வீதி."

"நம்ம வீட்டுக்கா? நம்பரா?" அங்கே காகிதம் சரசரத்தது. "இன்னொருக்கா சொல்லு, அம்மா எழுதிக்கிறேன்."

குழந்தை சொன்னாள். தாய் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். இலக்கம் நாலு. பீலிக்கரை வீதி. யாரோ அவளிடம் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, அவள் முதல் தடவையாகப் பதில் சொல்வது போல இருந்தது.

"தபாற்கந்தோர் பன்வில. அதையும் எழுதச் சொல்லும், பிள்ளை" என்றார் வாசற்படியில் நின்ற ஐயா. சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெயின்ற் மணம். கண்ணைக் கரிக்குது."

பெயின்ற் காய்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.